பரீட்சகரின் கடாவுக்கு விடை

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் நான்கு, பட்டப்பின் படிப்புக்கான ஆய்வேடு பரீட்சகரின் குறிப்புகளோடு திரும்பி வருவதைப் பற்றியவை. நால்வரும் கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவர்கள். ஆகவே இப்பக்கம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்கியுள்ளேன்.

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மா, நான் வெள்ளவத்தையில் வசிக்கும் ஆசிரியை. பாடசாலைப் பணியோடு ஐந்து ஆண்டுகள் ஆய்வு செய்து, தரம் 6 இல் தமிழ் மொழிமூலத்திலிருந்து இருமொழிக் கல்விக்கு மாறும் மாணவர்களின் அனுபவங்களைப் பற்றிய ஆய்வேட்டை முதுதத்துவமாணிப் பட்டத்துக்காகத் தமிழில் எழுதிச் சமர்ப்பித்தேன். வாய்மொழிப் பரீட்சை நல்லபடியாக முடிந்ததென்றே எண்ணியிருந்தேன். ஆனால், பெரும் திருத்தங்களைச் செய்து மூன்று மாதங்களுக்குள் மீளச் சமர்ப்பிக்குமாறு பீடத்திலிருந்து கடிதம் வந்துள்ளது. இரு பரீட்சகர்களின் அறிக்கைகளும் சேர்ந்து பதினொரு பக்கங்கள். இலக்கிய மீளாய்வு மிக நீளம் என்கிறார் ஒருவர்; போதாது என்கிறார் மற்றவர். பிள்ளைகளை நேர்காண்பதற்குப் பெற்றோரின் ஒப்புதல் பெறப்படவில்லை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. ஒப்புதல் படிவமோ பின்னிணைப்பில் இருக்கிறது. பெயர்களை நீக்கிவிட்டு அறிக்கைகளின் பிரதிகளையும் ஆய்வேட்டின் பிரதியையும் இத்துடன் அனுப்புகிறேன். எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் இரண்டு வாரங்களைக் கழித்துவிட்டேன். வழி காட்டுவீர்களா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, இரண்டு அறிக்கைகளையும் இருமுறை வாசித்தேன். அவற்றை எழுதியவர்கள் உங்கள் ஆய்வேட்டை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லவேண்டும். 163 ஆம் பக்கத்து அடிக்குறிப்பில் ஆண்டு பிழைத்திருப்பதைக் கண்டு எழுதுபவர் மேலோட்டமாகப் புரட்டியவராக இருக்க முடியாது. வேலைப்பளுவுள்ள ஒருவர் தம் வார இறுதிகளை உங்கள் எழுத்துக்குத் தந்திருக்கிறார்.

பதினொரு பக்கங்கள் என்று பக்கங்களை எண்ணியதால்தான் உங்களுக்கு மலைப்பு வந்திருக்கிறது. எண்ண வேண்டியது ஒவ்வொரு குறிப்பும் கேட்கும் வேலையை. எழுத்துப் பிழைகளைப் பட்டியலிடும் மூன்று பக்கங்களும், தொனி சற்றுக் கடுமையாக இருந்தாலும், இரண்டு இரவுகளுக்கு மேல் கேட்காதவை. ஆனால் இரண்டாவது அறிக்கையின் நான்காம் பக்கத்தில், எவ்விதக் கடுமையும் இல்லாமல், ஒரே வாக்கியமாக ஒரு குறிப்பு இருக்கிறது: கொழும்பு வலயத்தின் இரண்டு பாடசாலைகளில் 24 மாணவர்களை நேர்கண்டு பெற்ற முடிவுகள் ‘இலங்கைத் தமிழ் மாணவர்’ அனைவருக்கும் உரியனவாக எழுதப்பட்டுள்ளன என்பது அது. உங்கள் மூன்று மாதங்களில் பாதியை இந்த ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்ளும். ஏனென்றால் அது ஆய்வுச் சுருக்கம், முதலாம் அத்தியாயத்தின் நோக்கங்கள், ஐந்தாம் அத்தியாயத்தின் கலந்துரையாடல், முடிவுரை, விதந்துரைகள் ஆகிய எல்லா இடங்களையும் தொடுகிறது, தலைப்பையும் தொடக்கூடும். பேராதனையிலும் ஹட்டனிலும் வவுனியாவிலும் உள்ள பிள்ளைகளைப் பற்றி உங்கள் தரவு எதுவும் சொல்லவில்லை. கொழும்பில், வீட்டில் தமிழும் தெருவில் சிங்களமும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் ஒரு பிள்ளையைப் பற்றி அது மிக நுட்பமாகச் சொல்கிறது. அந்த அளவோடு நின்றால் உங்கள் ஆய்வு வலுப்பெறும். நான் இந்தக் குறிப்பை முதலில் எடுத்திருப்பேன். பிழைத்திருத்தத்தைக் கடைசியில் வைத்திருப்பேன். இன்று திருத்திய வாக்கியத்தை அடுத்த மாதம் முழுதாக நீக்க நேரிட்டால் இன்றைய உழைப்பு வீண்; புதிதாக எழுதும் பகுதிகளிலும் புதிய பிழைகள் வரத்தான் செய்யும்.

குறிப்புகளை வகைப்படுத்துவதற்கு ஒரு வழி சொல்கிறேன். நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் தருவதை உயர்தரத்தில் தமிழ் படித்தவர்கள் மனனம் செய்திருப்பார்கள்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. ஆய்வேட்டு அறிக்கைகள் பலவற்றை எழுதியும் வாசித்தும் வந்த எனக்கு, பரீட்சகர்கள் எழுதுவதில் பெரும்பகுதி இந்தப் பத்துக்குள் அடங்கிவிடும் என்பது அனுபவம். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். 1945 இன் இலவசக் கல்வியில் தொடங்கி, 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்தைக் கடந்து, தமிழையும் அரசகரும மொழியாக்கிய 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் வரை 46 பக்கங்கள் எழுதியிருக்கிறீர்கள். வரலாறு சரியானது, எழுத்தும் நன்றாக இருக்கிறது. எனினும் பதினொரு வயதுப் பிள்ளை விஞ்ஞான பாடத்தை ஆங்கிலத்தில் எதிர்கொள்ளும்போது என்ன நேர்கிறது என்ற உங்கள் வினாவுக்கு இது மற்றொன்று விரித்தல். அதே நேரத்தில், 24 மாணவர்களையும் எந்த அடிப்படையில் தெரிந்தெடுத்தீர்கள் என்பதற்கு மூன்றாம் அத்தியாயத்தில் நான்கு வரிகள்தாம் உள்ளன. இது குன்றக் கூறல். முதலாவதற்கு வெட்டுதல் மருந்து, இரண்டாவதற்குச் சேர்த்தல் மருந்து. இவற்றை மாற்றிக் கொடுத்துவிடுவதுதான் திருத்தம் செய்பவர்களிடம் நான் அடிக்கடி காணும் தவறு. தெளிவில்லை என்று ஒருவர் எழுதினால், உடனே இரண்டு பக்கங்களைச் சேர்த்து இன்னும் தெளிவில்லாமல் ஆக்கிவிடுகிறார்கள்.

இப்போது அந்த முரண்பாட்டுக்கு வருகிறேன். ஒருவர் நீளம் என்றும் மற்றவர் போதாது என்றும் சொல்வது, என் வாசிப்பில், ஒரே குறையின் இரண்டு பக்கங்கள். உங்கள் மீளாய்வு ‘இன்னார் இன்ன ஆண்டில் இதைக் கண்டறிந்தார், இன்னார் அதைக் கண்டறிந்தார்’ என்று ஆளுக்கொரு பந்தியாகச் செல்கிறது. முதலாமவர் அந்த வரிசையில் களைத்துப்போய் நீளம் என்றார். இரண்டாமவர், அந்த வரிசை முடிந்த பிறகும் எந்த இடைவெளியை உங்கள் ஆய்வு நிரப்புகிறது என்பதைக் காணாமல் போதாது என்றார். ஆட்களை விட்டுவிட்டு மூன்று அல்லது நான்கு விடயங்களைத் தலைப்புகளாக எடுத்துக்கொள்ளுங்கள்: வீட்டுமொழியும் பாடமொழியும், இருமொழி வகுப்பில் ஆசிரியரின் மொழிக் கலப்பு, பெற்றோரின் எதிர்பார்ப்பு என்பன போல. ஒவ்வொன்றின் கீழும் பலருடைய கண்டுபிடிப்புகளை உடன்பட்டும் முரண்பட்டும் பேசவைத்தால் பக்கங்கள் குறையும், பொருள் கூடும், இருவருக்கும் ஒரே திருத்தத்தால் விடை சொல்லிவிடலாம். இலங்கைத் தமிழ்ச் சூழலில் எழுதப்பட்டவை உங்கள் பட்டியலில் குறைவு என்றும் இரண்டாமவர் சொல்லியிருக்கிறார். அது நியாயமான குறை. உங்கள் வீட்டுக்கு அண்மையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்தில் ஒரு சனிக்கிழமையைச் செலவிடுங்கள். ‘நூலகம்’ இணைய ஆவணகத்தில் பழைய கல்விச் சஞ்சிகைகளைத் தேடுங்கள். மாணவர் தொகைக்குக் கல்வி அமைச்சின் பாடசாலைத் தொகைமதிப்பு அறிக்கைகளைப் பாருங்கள்.

ஒப்புதல் படிவத்தைப் பற்றிய குறிப்பு உங்களை நோகச் செய்திருக்கிறது என்பது கடிதத்தின் தொனியில் தெரிகிறது. செய்த ஒன்றைச் செய்யவில்லை என்று எழுதினால் யாருக்கும் நோகும். ஆனாலும் பரீட்சகர் எங்கே தவறாக விளங்கிக்கொண்டாரோ, அங்கே உங்கள் பக்கத்தில் ஏதோ ஒன்று இடம் மாறி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நான் தேடிப் பார்த்தேன். படிவம் மூன்றாம் பின்னிணைப்பில் இருக்கிறது. ஆய்வு முறையியல் அத்தியாயத்தில் அதைச் சுட்டும் ஒரு சொல்லும் இல்லை. பதினொரு வயதுப் பிள்ளைகளோடு செய்த ஆய்வில் பரீட்சகர் அதை மூன்றாம் அத்தியாயத்தில்தான் தேடுவார். அங்கே ஒரு பந்தி எழுதுங்கள்: அதிபரின் அனுமதி எப்போது பெறப்பட்டது, பெற்றோருக்குப் படிவம் எம்மொழியில் கொடுக்கப்பட்டது, பிள்ளையிடமும் சம்மதம் கேட்கப்பட்டதா, விலக விரும்பிய பிள்ளை எப்படி விலகலாம் என்பனவற்றை. பின்னர், ‘பின்னிணைப்பில் உள்ளது, பரீட்சகர் கவனிக்கவில்லை’ என்று எழுதாமல், ‘பெற்றோரின் ஒப்புதல் பெற்ற முறை அத்தியாயம் 3 இல் விளக்கப்பட்டுள்ளது’ என்று பக்க எண்ணோடு விடை எழுதுங்கள்.

அந்த விடைகளுக்கு ஓர் அட்டவணை வேண்டும். பீடம் கேட்காவிட்டாலும் செய்யுங்கள். முதல் நிரலில் பரீட்சகரின் குறிப்பைச் சுருக்காமல் அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். அடுத்ததில் நீங்கள் செய்த மாற்றத்தை, மூன்றாவதில் திருத்திய பிரதியின் பக்க எண்ணை. ஒரே பந்தியில் மூன்று குறைகள் சொல்லப்பட்டிருந்தால் அவற்றை மூன்று வரிகளாகப் பிரியுங்கள். இரண்டுக்கு விடை எழுதி மூன்றாவதைத் தவறவிடுவது இங்கேதான் நேரும். பக்க எண்களை எல்லா வேலையும் முடிந்தபின் நிரப்புங்கள், ஏனென்றால் 46 பக்கங்களை 20 ஆகக் குறைத்தபின் பின்னால் உள்ள எல்லா எண்களும் மாறியிருக்கும். உங்கள் திருத்தங்களைச் சரிபார்ப்பவர் முதலில் கையில் எடுப்பது இந்த அட்டவணையைத்தான். அது ஒழுங்காக இருந்தால், ஆய்வேட்டை மறுபடி முழுமையாகப் படிக்க வேண்டிய தேவையே அவருக்கு எழாமலும் போகலாம்.

நாளையே பதிவாளர் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதி மூன்று விடயங்களைக் கேளுங்கள். மூன்று மாதங்கள் எத்திகதியிலிருந்து கணக்கிடப்படுகின்றன, திருத்தங்களைச் சரிபார்ப்பவர் ஒருவரா இருவருமா, தலைப்பை மாற்றுவதானால் யாருடைய அனுமதி வேண்டும் என்பவை அவை. தொலைபேசியில் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பதில் எழுத்தில் இருக்கட்டும். காலம் போதாதென்று தோன்றினால், நீடிப்புக்கான விண்ணப்பத்தைத் தவணை முடிவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். மேற்பார்வையாளரைச் சந்திக்கும்போது வெறுங்கையோடு போகாமல், வகைப்படுத்திய அட்டவணையின் முதல் வரைவோடு போங்கள். ‘என்ன செய்யலாம்’ என்று கேட்பவருக்கு அரை மணி நேரம் ஆறுதல்தான் கிடைக்கும். ‘இந்தப் பன்னிரண்டையும் இப்படிச் செய்யப்போகிறேன், இந்த இரண்டில் எனக்கு ஐயம்’ என்று சொல்பவருக்கே அந்த இரண்டுக்கும் தெளிவு கிடைக்கும்.

என் ஆய்வேடு திரும்பி வந்தபோது நான் பிழைத்திருத்தத்திலிருந்துதான் தொடங்கினேன். பட்டியலில் ஒவ்வொன்றாகக் கோடு கிழிக்கும்போது வேலை நடப்பதுபோல ஓர் ஆறுதல் கிடைத்தது. ‘இம்முடிவுக்கு நான்காம் அத்தியாயத்தில் ஆதாரம் இல்லை’ என்ற ஒற்றை வரியைத் திறந்து பார்க்க ஐந்து வாரங்கள் எடுத்தேன். அதற்காக மறுபடி களத்துக்குப் போக நேர்ந்தது. கொடுத்த காலம் போதவில்லை. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கேள்வி: தெஹிவளையிலிருந்து எழுதுகிறேன். என் கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை வேறொரு கோட்பாட்டின் வழியில் மறுபடி பகுப்பாய்வு செய்யுமாறு ஒரு பரீட்சகர் கேட்டிருக்கிறார். என் மேற்பார்வையாளர் அது இந்தத் தரவுக்குப் பொருந்தாது என்கிறார். நானும் அப்படியே நினைக்கிறேன். பரீட்சகர் சொன்ன ஒன்றைச் செய்ய மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம், காரணத்தோடு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் செய்த பாயிரம், நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில் அதங்கோட்டு ஆசானுக்கு அந்நூல் ‘அரில் தபத் தெரிந்து’ காட்டப்பட்டதாகச் சொல்கிறது. அரில் என்பது பிணக்கு, குற்றம்; தப என்பது நீங்க. அந்த இடத்துக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் ஒரு கதை வருகிறது. தொல்காப்பியத்தைக் கேளாதே என்று ஆசிரியர் அகத்தியர் தடுக்க, அதங்கோட்டு ஆசான் ஆசிரியரின் சினத்துக்கும் தொல்காப்பியரின் வேண்டுகோளுக்கும் இடையில் அகப்பட்டு, நூலைக் கேட்டுக் குற்றம் கூறுவதென்று முடிவு செய்கிறார். அவர் எழுப்பிய கடாக்களுக்கெல்லாம், அதாவது வினாக்களுக்கெல்லாம், தொல்காப்பியர் விடை கூறினார். அதனாலேயே ‘அரில் தப’ என்ற சொல் வந்தது என்பது உரையாசிரியரின் விளக்கம். கடாவுக்கு விடை கூறுவது ஒன்று, கடாவியவர் சொன்னபடி நூலை மாற்றுவது வேறொன்று. பரீட்சகருக்கு நீங்கள் கடமைப்பட்டிருப்பது முன்னையதற்கு.

அந்த விடையை அட்டவணையில் மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அட்டவணை கோப்பில் உறங்கிவிடும். ஆய்வேடு நூலகத்துக்குப் போகும். பரீட்சகருக்கு எழுந்த ஐயம் நாளை வேறொரு வாசகருக்கும் எழும். எனவே முறையியல் அத்தியாயத்தில் அந்தக் கோட்பாட்டைப் பெயர் சொல்லி எடுத்து, அதனால் என்ன காண முடியும், உங்கள் தரவில் அதற்கு வேண்டிய எது இல்லை, நீங்கள் தேர்ந்த வழி எதைக் காட்டுகிறது என்பனவற்றை ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். எழுதிப் பார்க்கும்போதே அவர் சொன்னதில் ஒரு பகுதி பொருந்துகிறது என்று தெரியவந்தால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்று: மறுப்பது ஒன்றிரண்டு குறிப்புகளோடு நிற்கட்டும். மற்றெல்லாவற்றையும் கவனமாகச் செய்த ஒருவரின் மறுப்புக்கு இருக்கும் எடை, பத்துக் குறிப்புகளில் ஏழினை மறுப்பவருக்கு இல்லை. அட்டவணையில் எழுதும் வாசகத்தை மேற்பார்வையாளர் பார்த்து உடன்பட்ட பிறகே அனுப்புங்கள்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் வசிக்கும் தந்தை நான். மகளின் ஆய்வேட்டை மீளச் சமர்ப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாதமாக அவள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. உறவினர்கள் ‘பட்டம் கிடைத்துவிட்டதா’ என்று கேட்கும்போது அறைக்குள் போய்விடுகிறாள். நான் அதிகம் படித்தவன் அல்லன். என்னால் ஏதும் செய்ய முடியுமா?

பதில்: மதிப்பிற்குரிய ஐயா, உங்களால் நிறையச் செய்ய முடியும். மீளச் சமர்ப்பிக்கச் சொல்வது சித்தியின்மை அன்று. தகுதியில்லை என்று கருதினால் அப்படியே எழுதும் அதிகாரம் பரீட்சகர்களுக்கு இருக்கிறது. மறுபடி கொண்டுவா என்று அவர்கள் சொல்வது, கொண்டுவர முடியும் என்று கருதுவதால். உறவினர்களுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுங்கள்: ‘பரீட்சகர்கள் வாசித்துவிட்டார்கள், திருத்த வேலை நடக்கிறது’ என்று. அது முழு உண்மை; மகள் அறைக்குள் போக வேண்டியதில்லை. எப்போது முடியும் என்று மட்டும் அவளிடம் கேட்காதீர்கள்.

அதன்பிறகு ஒரு மாலை நேரத்தில், அறிக்கையைத் தன்னோடு சேர்ந்து பார்க்க உங்களை அனுமதிப்பாளா என்று கேளுங்கள். தனியே மௌனமாக வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் தன்னைக் கண்டிப்பதாகவே அவளுக்குக் கேட்கும். அதே வரியை அப்பா குரல்விட்டு வாசித்து, ‘இதற்கு என்ன பொருள் மகள்?’ என்று கேட்டால், விளக்கம் சொல்லும் இடத்துக்கு அவள் வந்துவிடுவாள். ‘ஓ, இங்கே அட்டவணைக்குத் தலைப்பு இல்லை என்கிறார்’ என்று அவளே சொல்வாள். நீங்கள் அதிகம் படிக்காதவர் என்பது இந்த வேலைக்கு உதவியே செய்யும். அறிக்கை ஆங்கிலத்தில் இருந்தால் அவள் வாசித்துத் தமிழில் சொல்லட்டும், நீங்கள் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இவ்வாறு இரண்டு மூன்று மாலைகள் போனபின்னும் அவள் உறக்கமும் உணவும் குறைந்தே இருந்தால், ஆய்வேட்டைச் சற்றே ஒதுக்கிவைத்து மருத்துவரைப் பாருங்கள். மருத்துவச் சான்றோடு காலநீடிப்புக் கேட்பதில் குறையொன்றும் இல்லை.

கேள்வி: ‘எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன’ என்று என் முதுமாணி ஆய்வேட்டுக்குக் குறிப்பு வந்திருக்கிறது. நான் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பின்னர் யுனிகோட்டுக்கு மாற்றினேன். எனக்குத் தெரிந்து அத்தனை பிழைகள் விடவில்லை. – வத்தளை வாசகர்

பதில்: மாற்றத்தில்தான் பிழை புகுந்திருக்கிறது. கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியே நிற்பது, மேற்கோள் குறிகள் வேறு எழுத்துகளாகிவிடுவது, இடையில் வந்த ஆங்கிலச் சொற்களும் பக்க எண்களும் சிதைவது எல்லாம் இதனால் நேர்பவை. ஒரே வகைப் பிழையை வேர்டின் தேடி மாற்றும் வசதியால் ஆய்வேடு முழுவதிலும் திருத்தலாம். ஆனால் ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று ஒரேயடியாகக் கொடுக்காமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். உசாத்துணைப் பட்டியலைப் பழைய பிரதியோடு ஒப்பிட்டு வரிவரியாகச் சரிபாருங்கள், பெயர்கள் அதிகம் சிதைவது அங்கேதான். பாமினியில் உள்ள மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். கடைசிப் பார்வையைத் திரையில் செய்யாமல் அச்சிட்ட தாளில், ஆய்வேட்டை இதுவரை வாசிக்காத ஒருவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.